ஒரே ஒரு ஆல்பம்: 'தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா' குழு – தட்டு உசத்தியா, ஆடிஷன் டேப் உசத்தியா?

கருப்புத்தட்டு:
சண்டைக்குத் தயாராகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1967இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜோசப் பேர்ட் என்ற இசையமைப்பாளர் ஒரு சைக்கடெலிக் ராக் (மனமயக்கம் தரும் விநோத ஒலிகளோடு வரும் ராக்) குழு அமைத்தார். பெயர் 'தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா'. பாட டாரதி மொஸ்கோவிட்ஸ், மின்வயலினுக்கு கார்டன் மாரன், பேஸுக்கு ராண்ட் ஃபோர்ப்ஸ், தாளத்துக்கு கிரெய்க் உட்சன். கிதார் கிடையாது. ஆமாம், ராக் குழுதான், ஆனால் கிதாரே கிடையாது. அந்த டிசம்பரில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார்கள், தயாரிப்பாளர் டேவிட் ரூபின்சன். மார்ச் 1968இல் தட்டு வந்தது. பில்போர்டு பட்டியலில் 181வது இடம் வரை ஏறி இறங்கியது. அந்த வருடம் முடிவதற்குள் குழுவே இல்லை.

2004இல் சன்டேஸ்ட் நிறுவனம் போட்ட சிடியில் மூலத்தட்டின் பத்துப் பாடல்களுக்குப் பின்னால் இன்னும் பத்து இருக்கின்றன. கொலம்பியாவிடம் வாய்ப்புக் கேட்டு 1967இல் பதிவு செய்த ஆடிஷன் டேப்பும் அதில் அடக்கம். இரண்டு வாரமாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் கட்சி இதுதான்: 'தி கார்டன் ஆஃப் எர்த்லி டிலைட்ஸ்' என்று தட்டில் வரும் பாட்டுக்கு அந்த டேப்பில் 'மவுஸ்' என்று பெயர். 'கமிங் டவுன்' அங்கே 'ஹெரசி'. இரண்டுமே டேப்பில்தான் பாட்டாக இருக்கின்றன. தட்டில் மேலே மேலே பூச்சு வேலை செய்து பாட்டை மூடிவிட்டார்கள். மொஸ்கோவிட்ஸ் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்பது டேப்பில்தான்.

வாருங்கள்.

தேங்காய்பன்:
முதலில் இந்தக் குழுவைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுங்கள் சார். பெயரைப் போட்டுத் தேடினால் விசா விண்ணப்பம்தான் வருகிறது.

கருப்புத்தட்டு:
பெயரோடு 1968 சேர்த்துத் தேடுங்கள். அப்படியும் அந்த வருடத்து அதிபர் தேர்தல் குறுக்கே வரும், தள்ளிவிட்டுப் போங்கள்.

இரவுப்பேருந்து:
சரி, சண்டைக்கு நான் வருகிறேன்.

நீங்கள் 'பூச்சு' என்று சொல்வதுதான் இந்தக் குழுவின் வேலையே. பேர்ட் ராக் உலகத்தில் வளர்ந்த ஆள் இல்லை. சோதனை இசைக்குப் பேர்போன ஜான் கேஜிடம் படித்தவர். 1961இல் நியூயார்க்கில் யோகோ ஓனோவின் மாடி அறையில் நடந்த கச்சேரி வரிசையில் இவருடைய படைப்புகளும் இசைக்கப்பட்டன. அது பீட்டில்ஸ் ஜான் லெனனைச் சந்திப்பதற்கு முந்தைய யோகோ ஓனோ, கவனிக்கவும். பாட்டு எழுதி அதற்கு அலங்காரம் தேடியவர் இல்லை அவர். ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தெரிந்தவர், அந்த அடுக்குக்கு நடுவே பாட்டையும் ஓர் அடுக்காக வைத்தார்.

முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், 'தி அமெரிக்கன் மெட்டஃபிசிக்கல் சர்க்கஸ்'. சர்க்கஸ் கூடாரத்து நீராவி ஆர்கன் ஒரு பக்கம், பழைய ராக்டைம் பியானோ இன்னொரு பக்கம், கூடவே இரண்டு பேண்டு வாத்தியக் குழுக்கள் ஆளுக்கொரு அணிவகுப்பு இசையை வாசித்துக்கொண்டு இடது காதிலிருந்து வலது காதுக்கும், வலதிலிருந்து இடதுக்கும் நடந்து போகின்றன. இது சார்ல்ஸ் ஐவ்ஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளருக்கு வைத்த கும்பிடு. வேறு வேறு மெட்டுகளை ஒரே நேரத்தில் மோதவிடுவது அவர் வழி. நம்மூரில் ஒரே தெருவில் இரண்டு கல்யாண ஊர்வலம் எதிரெதிரே வந்தால் நடுவில் நிற்பவனுக்கு என்ன கேட்குமோ, அது. அந்த இரைச்சல் அடங்குகிற இடத்தில் மொஸ்கோவிட்ஸ் குரல் எந்த அவசரமும் இல்லாமல் உள்ளே வருகிறது. ஊர்வலம் இல்லாவிட்டால் அந்த அமைதிக்கு மதிப்பே இல்லை.

ஆடிஷன் டேப் என்ன காட்டுகிறது? தட்டுக்கு முன்னால் கையில் என்ன இருந்தது என்பதை. அவ்வளவுதான்.

சால்டரிங்மணி:
நான் மின்னணுப் பக்கத்து ஆள், அதிலிருந்து பேசுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளவும்.

இந்தத் தட்டில் குரலும் வயலினும் சில இடங்களில் உலோகம்போல் பிளந்து ஒலிக்கும். அது ரிங் மாடுலேட்டர். வேலை எளிது. இரண்டு ஒலிகளை உள்ளே கொடுத்தால் இரண்டையும் பெருக்கிவிடும். வெளியே வருவது உள்ளே போன இரண்டும் அல்ல, அவற்றின் கூட்டுத்தொகையும் வித்தியாசமும். 400 ஹெர்ட்ஸில் ஒரு சுரமும் 150 ஹெர்ட்ஸில் ஓர் அலையும் கொடுத்தால் 550ம் 250ம் வரும். அசல் 400 காணாமல் போய்விடும். வயலின் கம்பியில் அடிப்படைச் சுரத்துக்கு மேலே அதன் இரட்டிப்பு, மும்மடங்கு என்று ஒழுங்காக ஏறும் ஒலிகள் இருக்குமல்லவா? ஒவ்வொன்றோடும் 150ஐக் கூட்டிக் கழித்தால் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். காதுக்கு அது கம்பியாகக் கேட்காது, கோயில் மணியாகக் கேட்கும். மணியிலும் அப்படி ஒழுங்கில்லாத கலவைதானே இருக்கிறது.

அப்புறம் சின்தசைசர், மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் கருவி. அந்தக் காலத்தில் மூக் (Moog) நிறுவனத்துச் சின்தசைசர் வாங்க இவர்களுக்கு வசதி இல்லை. ரிச்சர்ட் டரட் என்ற பொறியாளர் செய்துகொடுத்த கருவியைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். இரண்டு வேண்டுமென்றால் இரண்டு தடவை பதிவு செய்து சேர்க்க வேண்டும். ஆகவே கருப்புத்தட்டு சொல்கிற 'பூச்சு' பாதி கலை, பாதி வேறு வழியில்லாமை. அந்தக் கருவிகளை மேடைக்குக் கொண்டுபோனால் பழுதுதான். இவர்களுடைய கச்சேரிகள் அடிக்கடி கருவிக் கோளாறில் சிக்கியதற்கு அதுவும் காரணம்.

ஒன்றைத் திருத்திவிடுகிறேன். தட்டில் கேட்கும் ரிங் மாடுலேட்டரை டாம் ஓபர்ஹைம் செய்தார் என்று பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஓபர்ஹைம் யூசிஎல்ஏவில் (லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) படித்தவர், இவர்களோடு பழக்கம், குழுவுக்கு ஆம்ப்ளிஃபையர் செய்துகொடுத்தவர். பேர்ட் விலகியபோது தன் ரிங் மாடுலேட்டரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். குழுவைத் தொடர நினைத்த மொஸ்கோவிட்ஸ் ஓபர்ஹைமிடம் 'ஒன்று செய்து தர முடியுமா' என்று கேட்டார். அவர் அதற்குமுன் அதைச் செய்ததில்லை. ஹரால்ட் போடே எழுதிய ஒரு தொழில்நுட்பக் கட்டுரையைத் தேடிப் படித்துச் செய்தார். டிரம்பெட் கலைஞர் டான் எல்லிஸ் போன்றவர்கள் எனக்கும் ஒன்று என்று கேட்க, அதுவே தொழிலானது. 1980களின் பாப் பாடல்களில் அகலமாக விரியும் ஓபர்ஹைம் சின்தசைசர்களுக்கு வேர் அங்கே இருக்கிறது. ஒரு குழு உடைந்து, ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதில் பிறந்த கம்பெனி!

தேங்காய்பன்:
பங்காளிச் சண்டையில் மிக்ஸியை ஒருவர் கொண்டுபோனதால் மற்றவர் மிக்ஸி கம்பெனி ஆரம்பிக்கக் காரணமானதுபோல.

சுருதிப்பெட்டி:
சால்டரிங்மணி அவர்களுக்கு நன்றி. இன்னொரு பக்கத்தைச் சொல்ல ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன். எனக்கு ராக் அதிகம் தெரியாது. வீணை வகைக் கருவியான கோட்டுவாத்தியம் தேடிப் போன இடத்தில்தான் இந்தக் குழுவைப் பிடித்தேன்.

1967இல் அமெரிக்காவில் ஃபோக்வேஸ் நிறுவனம் தென்னிந்திய ராகங்கள் என்று ஒரு எல்பி வெளியிட்டது. கலைஞர்கள் காயத்ரி ராஜபூர், ஹரிஹர் ராவ். காயத்ரி ராஜபூர் பாடுவார், கோட்டுவாத்தியமும் வாசிப்பார். ஹரிஹர் ராவ் ரவிசங்கரின் சீடர், லாஸ் ஏஞ்சலஸில் கற்றுக்கொடுத்தவர், மேலே சொன்ன டான் எல்லிஸோடு சேர்ந்து ஹிந்துஸ்தானி ஜாஸ் செக்ஸ்டெட் என்று குழு நடத்தியவர். அந்த எல்பியில் தம்புரா மீட்டியது யார் தெரியுமா? டாரதி மொஸ்கோவிட்ஸ்.

பேர்டும் மொஸ்கோவிட்ஸும் யூசிஎல்ஏ சூழலில் இருந்தவர்கள். அங்கே இனவிசையியல் (பல நாட்டு மக்களின் இசையை ஆராயும் படிப்பு) துறையில் நம் இசைக்கு ஏற்கனவே தடம் இருந்தது. புல்லாங்குழல் டி. விஸ்வநாதன் 1958 முதல் 1960 வரை ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க உதவித்தொகையில் அங்கேதான் இருந்தார். குழுவின் தாளக்காரர் கிரெய்க் உட்சனும் அந்தத் துறைக்காரர். பின்னாளில் ஆப்பிரிக்க மேளங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார்.

இப்போது மொஸ்கோவிட்ஸ் குரலைக் கேட்டுப் பாருங்கள். அசைவே இல்லை. ராக் பாடகிகள் சுரத்தைப் பிடித்தவுடன் குலுக்குவார்கள், இவர் சுரத்தில் நின்றுவிடுகிறார். தம்புரா மீட்டி உட்கார்ந்த பழக்கம் அது என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. ஆனால் மணிக்கணக்கில் ச-ப-ச கேட்டுக்கொண்டே இருந்தவருக்குத்தான் அப்படி நிற்க வரும்.

நடைமேடை4:
மன்னிக்கவும், இதில் எனக்குச் சந்தேகம். 1967இல் கலிபோர்னியாவில் எல்லாருமே இந்திய இசை கேட்டார்கள். ஒரு சிதார், ஒரு ஊதுவத்தி, கழுத்தில் மணிமாலை. இவர்களும் அந்த மோஸ்தர்தானே? நாம் 'நம்ம ஆளு தொடர்பு' என்று கண்டால் உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறோம்.

சுருதிப்பெட்டி:
நியாயமான கேள்வி, ஆனால் தட்டைக் கேட்டீர்களா? சிதார் எங்கே இருக்கிறது? கிதார் இல்லாத குழு என்று முதல் பதிவிலேயே சொன்னார்கள், நான் சேர்க்கிறேன், சிதாரும் இல்லை. மோஸ்தருக்காகச் செய்திருந்தால் அதைத்தானே முதலில் வைத்திருப்பார்கள்? முறையாக உட்கார்ந்து கேட்டவர்கள், ஆனால் இந்திய இசையை அலங்காரமாக மேலே தூவிவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 'கிளவுட் சாங்' கேளுங்கள். கிட்டத்தட்ட நகராத அடித்தளம், அதன்மேல் குரல். வரிகள் வின்னி தி பூ கரடியிடமிருந்து வந்தவை, குழந்தைக் கதை! ராகம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஆதார சுருதி என்றால் என்னவென்று புரிந்த ஆட்கள் செய்தது.

இன்னொன்று, ராண்ட் ஃபோர்ப்ஸ் வாசித்த பேஸுக்கு மெட்டு (வீணையில் இருப்பதுபோன்ற குறுக்குக் கட்டைகள்) கிடையாது. ராக் இசையில் மெட்டில்லாத மின்பேஸை மிக முன்னதாகப் பயன்படுத்தியவர்களில் அவர் ஒருவர். கோட்டுவாத்தியத்துக்கும் மெட்டு கிடையாது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை, நெஞ்சை நிமிர்த்தவும் இல்லை. வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் வித்தியாசம் தெரிந்த காதுக்கு இந்த பேஸ் வழுக்கிப் போகிற விதம் உடனே பிடிபடும், அவ்வளவே.

நடைமேடை4:
கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்டுவிட்டு வருகிறேன்.

பழையரேடியோ:
கிதார் பேச்சு வந்ததால் என் அசட்டுத்தனம் ஒன்று. 'ஹார்ட் கமிங் லவ்' பாட்டில் வரும் அந்த அடர்ந்த, பிசிறடிக்கும் தனி ஆவர்த்தனத்தைப் பல வருடம் கிதார் என்றே நினைத்தேன். ஒரு நண்பரிடம் 'அந்த கிதாரிஸ்ட் யார், இப்படிப் பின்னுகிறான்' என்றுகூடக் கேட்டிருக்கிறேன். அது கார்டன் மாரனின் வயலின். தெரிந்தபின் மறுபடி கேட்டால் வில் திரும்பும் இடம் தெளிவாகத் தெரிகிறது. கச்சேரி வயலின் கேட்டு வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வெட்கம்தான்.

இரவுப்பேருந்து:
வெட்கப்பட ஒன்றும் இல்லை, அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் செய்தார்கள்.

கருப்புத்தட்டு:
எல்லாம் படித்தேன். பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி இல்லை.

முதல் பாட்டுக்கு ஊர்வலம் வேண்டும், சரி. ஆனால் தட்டில் எல்லாமே அந்தத் தரமில்லை. 'ஐ வோன்ட் லீவ் மை வுடன் வைஃப் ஃபார் யூ, ஷுகர்' என்ற நையாண்டிப் பாட்டு இரண்டாம் தடவைக்குத் தாங்கவில்லை. 'ஸ்ட்ராண்டட் இன் டைம்' தந்திவாத்தியங்களோடு அழகுதான், ஆனால் அது பீட்டில்ஸ் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது. மாரனும் எட் போகஸ் என்ற இசைக்கலைஞரும் சேர்ந்து எழுதியது, பேர்ட் கை இல்லை, கேட்டாலே தெரிகிறது. 'வேர் இஸ் யெஸ்டர்டே' லத்தீன் வழிபாட்டு வரியில் தொடங்குவது நல்ல யோசனை, பாட்டு அந்த யோசனையைத் தாண்டிப் போகவில்லை.

கடைசி 'தி அமெரிக்கன் வே ஆஃப் லவ்'வுக்கு நான் எதிரி அல்ல. மூன்று பகுதி, கடைசிப் பகுதியில் இதுவரை கேட்ட பாடல்களின் துண்டுகள் மிதந்து வரும். ஒரே தட்டு போட்டு மறைந்த குழு, தன் ஒரே தட்டின் முடிவில் தன்னையே திரும்பிப் பார்க்கிறது. தெரிந்து செய்திருக்க வாய்ப்பில்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் என்னவோ செய்கிறது.

செம்பருத்தி72:
ஒருவரும் 'லவ் சாங் ஃபார் தி டெட் சே' பற்றிப் பேசாதது ஆச்சரியம். சே குவேரா கொல்லப்பட்டது அக்டோபர் 1967. இவர்கள் பதிவு செய்தது அந்த டிசம்பர். இரண்டு மாதம்தான். பேர்ட் வெளிப்படையான இடதுசாரி, குழுவுக்கு அந்தப் பெயர் வைத்ததே குத்தல். அப்படிப்பட்டவர் சே பற்றி எழுதினால் என்ன எதிர்பார்ப்போம்? கோஷம், முரசு. ஆனால் தட்டிலேயே மிக மெல்லிய பாட்டு இதுதான். தலைப்பை மறைத்துவிட்டுக் கேட்டால் இறந்துபோன காதலனுக்குப் பாடும் பாட்டு. அரசியல் முழுக்கத் தலைப்பில் இருக்கிறது, பாட்டில் துக்கம் மட்டும். ஒப்பாரி என்றால் அலறல் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். முணுமுணுத்து வைக்கும் ஒப்பாரியும் உண்டு.

இங்கே மின்னணு வித்தை எதுவும் முன்னால் வந்து நிற்பதில்லை. ஆகவே கருப்புத்தட்டு, பூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று பேர்டுக்குத் தெரியும். மற்ற இடங்களில் நிறுத்தவில்லை என்றால் வேண்டுமென்றுதான் நிறுத்தவில்லை.

கருப்புத்தட்டு:
இது நல்ல அடி. யோசிக்கிறேன்.

பழையரேடியோ:
குழு ஏன் உடைந்தது என்று யாராவது சொல்லுங்களேன்.

இரவுப்பேருந்து:
சுருக்கமாக: ஒரே குழுவில் அவாந்த்-கார்ட், அதாவது மரபை உடைக்கும் சோதனை இசையமைப்பாளர் ஒருவர், ராக் மேடையில் ஜெயிக்க ஆசைப்பட்டவர்கள் சிலர், பழுதாகும் கருவிகள், சுற்றுப்பயணக் களைப்பு. பேர்ட் கட்டளையிடும் சுபாவம். ஆரம்பத்தில் கூட இருந்த மைக்கேல் ஆக்னெல்லோ வணிக நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவதே கொள்கைக்கு விரோதம் என்று முன்பே விலகிவிட்டார். பேர்ட் போனபின் மொஸ்கோவிட்ஸ் வேறு கலைஞர்களோடு 1968 ஜூலையில் சில பாடல்கள் பதிவு செய்து பார்த்தார். அவையும் அந்த சன்டேஸ்ட் சிடியில் இருக்கின்றன. கேட்டால் இதமான, ஒழுங்கான ராக். இந்த இழையின் கேள்விக்கு உண்மையான விடை அந்தப் பாடல்களில் இருக்கிறது என்பேன். பேர்ட் இல்லாமல் மொஸ்கோவிட்ஸ் குரல் எப்படி இருக்கும்? நன்றாக இருக்கும், ஆனால் ஆளைப் பிடித்து உட்கார வைக்காது.

நடைமேடை4:
அதற்கு மறுபக்கமும் உண்டே. 1969இல் பேர்ட் 'ஜோ பேர்ட் அண்ட் தி ஃபீல்ட் ஹிப்பீஸ்' என்று வேறு ஆட்களை வைத்து ஒரு தட்டு போட்டார், பெயர் 'தி அமெரிக்கன் மெட்டஃபிசிக்கல் சர்க்கஸ்'. (ஆமாம், கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். நேற்று இரவு இரண்டு மணி வரை.) வித்தை எல்லாம் இருக்கிறது, இன்னும் அதிகமாகவே. ஆனால் மொஸ்கோவிட்ஸ் இல்லாததால் நடுவில் ஓர் இருக்கை காலியாகவே கிடக்கிறது. பேர்ட் இல்லாத அவரும் அரைகுறை, அவர் இல்லாத பேர்டும் அரைகுறை.

சுருதிப்பெட்டிக்கு: என் மோஸ்தர் குற்றச்சாட்டை வாபஸ் வாங்குகிறேன். தம்புரா வாதத்தை மட்டும் இன்னும் முழுதாக நம்பவில்லை. பர்னார்ட் கல்லூரியில் இசை படித்தவர் மொஸ்கோவிட்ஸ், அங்கேயும் குரலை நேராக வைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

சுருதிப்பெட்டி:
இருக்கலாம். நான் என் காதை மட்டும் சாட்சிக்கு வைத்தேன்.

செம்பருத்தி72:
2023இல் மொஸ்கோவிட்ஸ் எண்பதைத் தாண்டிய வயதில் புது ஆல்பம் வெளியிட்டார், கூட வாசித்தவர்களுக்கு 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அல்கெமி' என்று பெயர். குரல் தாழ்ந்திருக்கிறது, நடுங்கவில்லை. நடுவில் 1972 வாக்கில் ராக் பாடகர் கன்ட்ரி ஜோ மக்டொனால்டு குழுவிலும் இருந்தார். போர்ட்டிஸ்ஹெட், பிராட்காஸ்ட் போன்ற பிரிட்டிஷ் குழுக்கள் இந்த ஒற்றைத் தட்டிலிருந்து நேரடியாக எடுத்துக்கொண்டவை. போர்ட்டிஸ்ஹெட்டின் 'ஹாஃப் டே க்ளோசிங்' கேட்டுவிட்டு இந்தத் தட்டின் முதல் பாட்டைக் கேளுங்கள், சொந்தக்காரர்கள் என்று தெரியும்.

பழையரேடியோ:
பிரிட்டனில் இவர்கள் பரவியதற்கு ஒரு மலிவு விலைத் தொகுப்புத் தட்டும் காரணம். சிபிஎஸ் (பிரிட்டனில் கொலம்பியாவின் பெயர்) 1968இல் போட்ட 'தி ராக் மெஷின் டர்ன்ஸ் யூ ஆன்'. 14 ஷில்லிங் 11 பென்ஸ். பாப் டிலன், லெனார்ட் கோஹன் எல்லாம் இருந்த அந்தத் தட்டில் இவர்கள் பாட்டு ஒன்றும் இருந்தது. எந்தப் பாட்டு தெரியுமா? கருப்புத்தட்டு இரண்டாம் தடவை தாங்காது என்று சொன்ன அதே மரப்பெண்டாட்டிப் பாட்டு.

கருப்புத்தட்டு:
😄 கம்பெனிக்காரர்களுக்கு எப்போதும் என்னைவிட நல்ல காது.

யாரிடமாவது முதல் பதிப்பு இருக்கிறதா? அது அரசாங்க அலுவலகத்து பிரவுன் கவர்போல ஓர் உறைக்குள் வந்ததாம், மேலே ரப்பர் ஸ்டாம்பு மாதிரி குழுவின் பெயர்.

சால்டரிங்மணி:
இருந்தது. கனடாவில் ஒரு பழைய தட்டுக்கடையில் ஒன்று கையில் எடுத்தேன். தட்டு பளபளவென்று இருந்தது, உறை இல்லை. கேட்டால், 'ஏதோ தபால் கவர் என்று நினைத்துப் போட்டுவிட்டோம்' என்றார் கடைக்காரர். பேர்ட் கேட்டிருந்தால் சிரித்திருப்பாரோ அழுதிருப்பாரோ. விலை குறைத்துத் தந்தார், வாங்கிக்கொண்டேன். கேட்பதற்கு உறை தேவையில்லை.

கருப்புத்தட்டு:
நேற்று விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் 'மவுஸ்', உடனே 'தி கார்டன் ஆஃப் எர்த்லி டிலைட்ஸ்', மறுபடி 'மவுஸ்' என்று கேட்டேன். தட்டுப் பதிப்பில் குரலைச் சுற்றி வந்துபோகும் அந்த மின்னொலிகளை இதுவரை குறுக்கீடாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். செம்பருத்தி சொன்னதை மனதில் வைத்துக் கேட்டதில், பாட்டு ஒரு தோட்டத்தைப் பற்றியது, அந்த ஒலிகள்தான் தோட்டத்தில் இருக்கிற ஜந்துக்கள் என்று பட்டது. டேப்பில் தோட்டக்காரி மட்டும் நிற்கிறாள். அவளை மட்டும் பார்க்கத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது போல. 'கமிங் டவுன்' விஷயத்தில் தட்டுக்குக் கட்சி மாறிவிட்டேன். 'மவுஸ்' விஷயத்தில் மாட்டேன்.

இரவுப்பேருந்து:
பாதி வெற்றி போதும் எனக்கு.

தேங்காய்பன்:
ஒருவழியாகத் தேடிப்பிடித்துக் கேட்டேன். முதல் பாட்டில் இரண்டு பேண்டும் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குப் போகும் இடத்தை ஸ்பீக்கரில் போட்டேன். வராண்டாவில் படுத்திருந்த எங்கள் வீட்டு நாய் எழுந்து, முதலில் இந்த ஸ்பீக்கரைப் பார்த்தது, அப்புறம் அந்த ஸ்பீக்கரைப் பார்த்தது, அப்புறம் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தது. இப்போது நான்காவது தடவையாகப் போட்டிருக்கிறேன். இன்னும் ஊர்வலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.